ஆற்றுக்கு நடுவே டோல்கேட்

மைன்ஸ்,
ஜெர்மனி

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ரைன் ஆற்றில் கப்பல் ஏறினோம். அத்தையிடம் கப்பல் என்று சொல்லிவிடாதீர்கள், கடல், அலை, வாந்தி என்று பயந்துவிடுவார். இது ஆட்டமே இல்லாத ஆற்றுக் கப்பல். மேல்தளத்தில் நாற்காலி மேசை போட்டிருக்கிறான். ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்கு பஸ்ஸில் போவதைவிட இடுப்புக்கு நல்லது.

பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கிலோமீட்டர். ஆற்றின் இந்தத் துண்டை 2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு பக்கமும் மலை, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், உச்சியில் கோட்டை. ஒன்றைப் பார்த்துப் பிளந்த வாயை மூடுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. நாற்பது இருக்குமாம். பத்தாவது கோட்டைக்கு மேல் உங்கள் பேரன் நிமிர்ந்தே பார்க்கவில்லை, உருளைக்கிழங்கு வறுவலோடு ஒதுங்கிவிட்டான்.

இத்தனை கோட்டை கட்டி யாரோடு சண்டை போட்டார்கள் என்று விசாரித்தால், பலதும் டோல்கேட், மாமா! மதுரை ரோட்டில் காரை நிறுத்தி நீங்கள் நடத்தும் சொற்பொழிவுதான் ஞாபகம் வந்தது. கௌப் என்ற ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவில், கல்லில் செய்த கப்பல் மாதிரி ஒரு கோட்டை. பெயர் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன். (ஒரே மூச்சில் பெயரைச் சொல்பவனுக்கு வரியைத் தள்ளுபடி செய்திருக்கலாம்.) பவேரியாவின் லுட்விக் என்ற அரசர் 1327 வாக்கில் கட்டியது. காசு கொடுக்காமல் நழுவ முடியாதபடி ஆற்றுக்குக் குறுக்கே சங்கிலி. 1860-கள் வரை வசூல் நடந்திருக்கிறது. "ஐந்நூறு வருஷமா? போட்ட காசு எப்பவோ வந்திருக்குமேடா!" என்று நீங்கள் கத்துவது இங்கே கேட்கிறது. கோட்டை ஓய்ந்தாலும் சுங்கக்காரர் ஓயவில்லை, விமான நிலையத்துக்குக் குடிபோய்விட்டார். நம் நாட்டிலிருந்து பால் பண்டம் எதையும் பெட்டியில் கொண்டுவரக் கூடாது என்று ஐரோப்பாவில் சட்டம். அதனால்தான் மாமா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வேண்டாம் என்று சொன்னேன். அத்தை கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கொஞ்சம் தள்ளி லோரலை என்று 132 மீட்டர் உயரப் பாறை. அதன்மேல் ஒருத்தி உட்கார்ந்து தங்க முடியைச் சீவுவாளாம். படகுக்காரர்கள் அண்ணாந்து பார்த்தபடியே பாறையில் மோதிச் செத்தார்களாம். ஹைனே என்ற கவிஞர் 1824-ல் ஒரு பாட்டு எழுதி அவளை உலகறியச் செய்துவிட்டார். உண்மையில் அங்கே ஆறு குறுகி வளைகிறது, தண்ணீருக்குள் பாறை. இன்றைக்கும் கப்பலுக்கு விளக்கு காட்டித்தான் வழிவிடுகிறார்கள். பழியை மட்டும் சீப்பின்மேல் போட்டுவிட்டார்கள். நம் ஊர்ப் பக்கத்திலும் ஒருத்தி பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, கண்ணாடிக் கிணற்றில் அழகு பார்த்தாள். யாரும் எதிலும் மோதவில்லை. அந்தப் பெருமாளே அல்லவா மாப்பிள்ளையாக வந்தார்!

இரண்டு கரையிலும் ரயில் பாதை. கோட்டையை ரசிக்க விடாமல் கூட்ஸ் வண்டி தடதடவென்று போய்க்கொண்டே இருக்கிறது. பாகராக், போப்பார்ட் என்று கரையோர ஊர்கள் எல்லாம் பொம்மைக்கடையில் வாங்கி அடுக்கினாற்போல இருக்கின்றன. ஒரு மலையில் ஸ்டெரன்பெர்க், லீபன்ஸ்டைன் என்று அடுத்தடுத்து இரண்டு கோட்டை, நடுவில் தடித்த சுவர். பகையாளி அண்ணன் தம்பி கதை சொல்கிறார்கள். நம் தெருக்கோடி வீட்டில் பாகப்பிரிவினைக்குப் பிறகு முற்றத்தில் எழுந்த சுவர்தான். அது ஒன்பது அங்குலச் செங்கல், இது கருங்கல்.

பக்கத்து மேசையில் ஓர் அம்மாள் எந்த ஊர் என்று கேட்டார். ராஜபாளையம் என்றேன். போனில் தேடினார். வெள்ளை வெளேரென்று நாயாக வந்தது. நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அழகு" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அவர் கணவர் ஆற்றுப் பைத்தியம். கான்ஸ்டன்ஸ் பாலத்தில் சைபர் என்று தொடங்கிக் கிலோமீட்டருக்கு ஒரு பலகை கரையில் நட்டிருக்கிறார்கள், லோரலை 554 என்று விளக்கினார். எங்களுக்கும் ஆறாவது மைல் என்று ஒரு நீர்த்தேக்கமே இருக்கிறது என்று நானும் விடவில்லை. 2018 அக்டோபரில் கௌப் அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியதையும், சரக்குக் கப்பல்கள் குறைந்த சுமையோடு தவழ்ந்ததையும் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. "உங்கள் ஆற்றின் பெயர்?" என்றார். முடங்கியாறு. அர்த்தம் கேட்டார். சொல்லவில்லை. "கப்பல் போகுமா?" "இப்போதைக்குக் கிரிக்கெட்தான் போகிறது" என்று ஜெர்மன் மொழியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பேச்சு வாக்கில் "கரைபுரண்டு ஓடும்" என்று சொல்லிவிட்டேன். படம் அனுப்பு என்று முகவரி கொடுத்திருக்கிறார்.

ஆகவே மாமா, ஐப்பசி மழையில் தண்ணீர் வந்த அன்றே ஓடிப்போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மாடு குளிப்பாட்டுகிறவர்கள் படத்தில் வேண்டாம். கரைக்கு ரொம்பக் கிட்டே நின்று எடுங்கள், அப்போதுதான் அகலமாகத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்