பெட்டி தேடும் பேராண்டிக்கு

கிராஃப்டன் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டுட்டியாமே பேராண்டி, ஜி.பி.எஸ். பார்த்து ஒளிச்சு வச்ச பெட்டியைத் தேடுற ஜியோகேச்சிங் ஆட! போ, போ. ஆளே இல்லாத ஊருக்கு விலாசம் பார்த்துப் போறதுக்கும் ஒரு வயசு வேணும்.

உங்க ஆட்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும்டா. 2000 மே 2-ல அமெரிக்க அரசாங்கம் ஜி.பி.எஸ். சமிக்ஞையில வேணும்னே கலந்து வச்சிருந்த பிழையை எடுத்துச்சு. மறுநாளே டேவ் உல்மர்னு ஒருத்தர் ஓரிகன் காட்டுல ஒரு வாளியைப் பாதி புதைச்சு வச்சு, முடிஞ்சா கண்டுபிடிங்கன்னுட்டார். உள்ளே புத்தகம், கவண், ஒரு பீன்ஸ் டின். வானத்துல அத்தனை செயற்கைக்கோள் சுத்தி, கடைசியில பீன்ஸ் டின்னுக்கு வழி சொல்லிச்சு. விஞ்ஞானம்னா சும்மாவா!

இப்போ அனுமதியில்லாம பெட்டியைப் புதைக்கக் கூடாதுன்னு விதியாம். புதைக்கிறதுக்குன்னே இருக்கிற இடத்துல புதைக்காம ஒளிக்கணும்! ஒரு சௌகரியம், அங்க படுத்திருக்கிறவங்க யாரும் காட்டிக்கொடுக்க மாட்டாங்க. உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் கோபம் வரும். 2005-ல தெற்குக் கரோலினாவுல, கல்லறையில அனுமதியில்லாம இந்த ஆட்டம் கூடாதுன்னு சட்டசபையில மசோதாவே கொண்டுவந்தாங்க.

அதனால முதல்ல போனைப் பைக்குள்ள போடு. பக்கத்துல வந்துட்டா செயற்கைக்கோளுக்கும் கண்ணு மங்கிடும். யாரோ ஒரு கிழவி சமாதி மேல உன்னை ஏத்தி நிறுத்திட்டு, இடம் வந்தாச்சுன்னு சொல்லும்.

அப்புறம் கல்லை வாசி. யூட்டாவுல, வெர்ஜின் ஆத்தங்கரையில, 1859-ல மோர்மன் குடியேறிகள் போட்ட ஊரு கிராஃப்டன். பருத்தி விளைய வைக்கப் பார்த்தாங்க. 1862 ஜனவரியில ஆறு ஊரையே வழிச்சுக்கிட்டுப் போச்சு. வெள்ளத்துக்கு நடுவுல ஒருத்திக்குப் பிரசவ வலி. வண்டிக் கூண்டோட தூக்கி மேட்டுல வச்சாங்க. பிறந்த பிள்ளைக்கு மார்வலஸ் ஃப்ளட், அற்புத வெள்ளம்னே பேரு! அழிச்ச ஆத்தையே கிண்டல் பண்ணின ஜனம்டா.

கொஞ்சம் மேலே தள்ளி ஊரைத் திரும்பக் கட்டினாங்க. 1866-ல சாவு மேல சாவு. ஊஞ்சல் உடைஞ்சே ரெண்டு சிறுமிங்க போயிட்டாங்க. பையூட் பழங்குடிக்காரங்க சிலரும் அதே தோட்டத்துலதான் படுத்திருக்காங்க. 1906-ல ஹரிக்கேன்ங்கிற ஊர்ப் பக்கம் வாய்க்கால் தண்ணி வந்ததும் ஜனம் மூட்டை கட்டிச்சு. 1940-கள்ல கடைசி ஆளும் கிளம்பியாச்சு. போன உசுரெல்லாம் அங்கேயே இருக்கு, இருந்த உசுரெல்லாம் தண்ணிக்குப் போயிடுச்சு.

உங்க கூட்டத்துல கெட்டிக்காரன் பெட்டியைக் கல்லறைக்குள்ள வைக்கவே மாட்டான். ரோட்டோரமா எங்கேயோ வச்சிட்டு, இந்தக் கல்லுல பிறந்த வருஷம், அந்தக் கல்லுல செத்த வருஷம், கூட்டு, கழின்னு அலையவிடுவான். வாழைப்பழத்துக்குள்ள மாத்திரை வச்சுக் கொடுக்கிற வேலை! பெட்டி ஆசையில நீ பேரையெல்லாம் வாசிச்சு முடிச்சிருப்பே.

அவனை மாதிரி நானும் உனக்கு ஒரு கணக்குத் தர்றேன். 1866 எத்தனை கல்லுல வருதுன்னு எண்ணு. அதுல பத்து வயசு தாண்டாதவங்களைத் தனியா எண்ணு. ரெண்டையும் கூட்டி என்கிட்ட சொல்லு. விடை தப்பா வந்தா, முதல் கல்லுலேர்ந்து மறுபடி வாசி. சரியா வந்தா, தாத்தாவுக்கு வயசாச்சு, நான் எண்ணினது தப்பா இருக்கும். எதுக்கும் இன்னொரு தரம் வாசிச்சுட்டு வா.