மணிமேகலை நல்லா நடிச்சாவாம்!

மனே, நாவல் வாசிச்சிட்டு ஆளுக்கு ஆள் கருத்துச் சொல்லப் போறீங்க எண்டு கேள்விப்பட்டன். சோதினை எழுதிட்டு ரிசல்ட் வாற வரைக்கும் நிந்தவூர்க் கடற்கரையில குந்திக்கிட்டுப் போற வாற மோட்டச்சைக்கிள எண்ணுறத விட இது எவ்வளவோ மேல். ஆனா நல்ல வேலையையும் நோகாமச் செய்யிறதுக்கு ஒரு வழி இருக்கு. மூத்தப்பா சொல்லித்தாறன். காசு வேணாம், ஒரு தேத்தண்ணி போதும்.

முதல் வேலையா, புத்தகத்த வாசிக்காதீங்க. வாசிச்சவனுக்குத்தான் எல்லாக் குழப்பமும். பத்தாம் பக்கத்துல அந்த ஆளப் பிடிக்கும், நாப்பதாம் பக்கத்துல அவனக் கண்டா எரிச்சல் வரும், மறுகா 'பாவம், அவனும் என்ன செய்வான்' எண்டு வரும். மனசு இப்படிக் கிறுகிக் கிறுகி நிண்டா என்னத்தக் கருத்துச் சொல்லுற? வாசிக்காதவனுக்கு இந்தச் சோலியே இல்ல. அட்டையப் பார்த்தான், பின்னட்டையப் பார்த்தான், 'சூப்பர்' எண்டான், சாரனத் தட்டிட்டு எழும்பிப் போனான். ஒரு சொல்லுக்கு மேல போயிராதீங்க. போனீங்களோ, யாராவது 'ஏன்?' எண்டு கேட்பான். அந்த 'ஏன்'ல விழுந்தவன் மறுகா புத்தகத்தத் தேடிப் போகணும். தேவையா நமக்கு?

இப்ப பொன்னியின் செல்வன எடுங்க. 1950ல கல்கி தன்ட 'கல்கி' பத்திரிகையில தொடங்கி, மூண்டரை வருசம் கிழமைக்குக் கிழமை வந்த கதை. அஞ்சு பாகம். அடுக்கிவெச்சா உங்கட மூத்தம்மா ஏறி நிண்டு பரணுல இருக்கிற சட்டிய எடுக்கலாம். நீங்க எதுக்கு அத வாசிக்கணும்? மணிரத்னம்தான் 2022லயும் 2023லயும் ரெண்டு படமா எடுத்துத் தந்துட்டாரே. படத்தப் பார்த்துட்டு நாவலப் பற்றிப் பறையலாம். நம்ம ஊர்ப் பொடியன் ஒருத்தனும் அப்படித்தான் பறைஞ்சான். நாவல்தான் திறம், படம் அதுக்குக் கிட்ட வராது எண்டு அடிச்சுச் சொன்னான். எனக்குச் சந்தோசம். 'மகன், அந்த மணிமேகலை எப்படி?' எண்டு கேட்டன். 'அவ நல்லா நடிச்சிருந்தா மூத்தப்பா' எண்டான்.

மணிமேகலை கடம்பூர்ச் சம்புவரையர்ட மகள், கந்தமாறன்ட தங்கச்சி. வந்தியத்தேவனை நினைச்சு நினைச்சுக் கரைஞ்சு போற புள்ள. கல்கி கதைய முடிக்கிறதே அந்தப் புள்ளைட சாவுலதான். படத்துல அவ இல்லவே இல்ல. நான் ஒண்டும் சொல்லல்ல. 'ஓம் மகன், நல்லாத்தான் நடிச்சா' எண்டுட்டு வெத்திலையப் போட்டுக்கிட்டன். நீங்களும் இப்படி ஒரு கேள்வியச் சேப்புக்குள்ள வெச்சிருங்க. சண்டை பிடிக்காம ஆளை அறியலாம்.

என்னைக் கேட்டா, அந்தக் கதையில எனக்குப் பிடிச்சது ராசாவுமில்ல, குதிரையுமில்ல. ஆடிப்பெருக்கு நாள்ல வீரநாராயண ஏரிக் கரையால வந்தியத்தேவன் வருவான் பாருங்க, அந்த ஏரி. கல்லோயாத் தண்ணி இண்டைக்கு வரும் நாளைக்கு வரும் எண்டு வாய்க்கால் கட்டுல காவல் இருந்து, இங்கினியாகலைப் பக்கம் பார்த்துப் பார்த்துக் கழுத்து நொந்தவன் நான். அவ்வளவு தண்ணியக் கண்டதும் எனக்குக் கதை நிண்டுட்டுது. இந்தத் தண்ணி யார்ட வயலுக்குப் போகுது? சண்டைக்கு எல்லாரும் போனா வேளாண்மைய வெட்டுறது யாரு? அஞ்சு பாகமும் இதத்தான் தேடிக்கிட்டுப் போனன். பெரியாக்கள் இத விமர்சனம் எண்டு ஒத்துக்கொள்ள மாட்டாங்க. வட்டைக்குப் போறவன்ட புலம்பல் எண்டுவாங்க. அதனால நீங்க இப்படிக் கேட்டுராதீங்க. 'வரலாற்றுப் பின்புலம் சிறப்பு' எண்டு எழுதுங்க. ஆரும் மறுக்க மாட்டான்.

ரெண்டாவது, எழுதினவன் யாரு எண்டு முதல்ல விசாரிங்க. எந்த ஊரு, எந்தக் கட்சி, யாரோட கோபம், யாருக்கு மச்சான். இது தெரிஞ்சா புத்தகம் நல்லதா கெட்டதா எண்டு முதல் பக்கம் திறக்கிறதுக்கு முந்தியே முடிவெடுக்கலாம். நான் சும்மா சொல்லல்ல. நம்ம நாட்டுப் பெரிய இலக்கியக்காரர் அறுபதுகள்ல இதப் படிச்சுப் பட்டமே எடுத்தவங்க. முற்போக்கு எண்டு ஒரு பக்கம். அதுல கோவிச்சுக்கிட்டு வந்து எஸ். பொன்னுத்துரை போட்ட நற்போக்கு இன்னொரு பக்கம். பேராசிரியர் கைலாசபதி 1968ல 'தமிழ் நாவல் இலக்கியம்' எண்டு புத்தகம் போட்டார். அதுக்குக் கடலுக்கு அங்கால இருந்து வெங்கட் சாமிநாதன் மறுப்பு எழுதினார். தலைப்பு என்ன தெரியுமா? 'மார்க்ஸின் கல்லறையிலிருந்து ஒரு குரல்.' நாவலப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டு மையவாடி வரைக்கும் போய்ட்டாங்க. நீங்க ரெண்டு பேர் ஒரு நாவலுக்காக ஒரு கிழமை மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா நான் ஏசுவனா? ஏச மாட்டன். ஆனா ஒண்டு, அந்த ஆக்கள் சண்டை பிடிச்சது வாசிச்சுப் போட்டு. நீங்க அந்தச் செலவும் இல்லாமச் சண்டை பிடிக்கிறீங்க. முன்னேற்றம்தான்.

மூணாவது, நாலு பேர் என்ன சொல்லுறாங்க எண்டு பார்த்துட்டு வாயத் திறங்க. களத்துல சூடு தூத்துறவன் காத்துப் பார்க்கிற மாதிரி. காத்து போற பக்கமே சுளகச் சாய்ச்சா தூசி கண்ணுக்குள்ள வராது. நெல்லு விழுந்துதா எண்டு மட்டும் குனிஞ்சு பார்க்காதீங்க.

இந்த மூண்டையும் நான் எல்லாப் புள்ளயளுக்கும் சொல்லித்தான் வாறன். ஒருத்தி மட்டும் கேட்கல்ல. அவட பேரச் சொல்ல மாட்டன். பதினாறு வயசு. ரமணிசந்திரன் நாவல் வாசிக்கிறவ. தாய் ஒளிச்சு வெச்சதத்தான் மகளும் ஒளிச்சு வாசிக்கிறா. ரெண்டு பேருக்கும் மற்றவ வாசிக்கிறது தெரியும், ரெண்டு பேரும் தெரியாத மாதிரி இருக்காங்க. நான் ஒழுப்பம் நக்கலா, 'என்ன புள்ள, இந்த முறையும் பணக்கார மாப்பிள்ளைதானா?' எண்டன். அவ சொன்னா:

'மூத்தப்பா, இந்தக் கதையள்ல கலியாணம் முடிஞ்சா பொண்ணு மாப்பிள்ளைட பங்களாவுக்குப் போறா. சண்டை வந்தா அவதான் பெட்டியத் தூக்கிக்கிட்டு அழுது அழுது வெளிய போறா. எங்கட ஊருல மாப்பிள்ளைதானே பொண்ணுட வீட்டுக்கு வாறார்? இந்தக் கதைய இஞ்ச எழுதினா பெட்டியத் தூக்குறவர் அவர்தானே?'

வெத்திலை எனக்குத் தொண்டைக்குள்ள போய்த்து. அவ விடல்ல. 'அதோட, எங்கட வீட்டுக்கு அத்திவாரம் போட்டுட்டுக் கல்லுக்கும் சீமெந்துக்கும் காசில்லாம வாப்பா கட்டாருக்குப் போயிருக்கார். நான் இன்னும் பத்தாம் வகுப்பே தாண்டல்ல. இந்தக் கதையள்ல பங்களா சும்மா இருக்கு. அதக் கட்டின ஆள் எங்க?'

பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்கிற இந்த வழமையப் பற்றி எழுத டெனிஸ் மெக்கில்வ்ரே எண்டு ஒரு அமெரிக்கக்காரர் அக்கரைப்பற்றுல வந்து குடியிருந்து, தாய்வழிக் குடி, சீதன வீடு எண்டு எல்லாத்தையும் ஆராய்ஞ்சு, 2008ல பெரிய புத்தகமே போட்டார். இந்தப் புள்ள அதக் கண்டதுமில்ல. ஒரு காதல் கதைய மூடிவெச்சுட்டுத் தன்ட வீட்டு அத்திவாரத்தப் பார்த்தா, அவ்வளவுதான். அதனாலதான் சொல்லுறன், இந்த மாதிரிப் புள்ளயள உங்கட கூட்டத்துல சேர்க்காதீங்க. மற்றவங்கட 'சூப்பர்' எல்லாம் சப்பெண்டு போகும். ரமணிசந்திரன் தரமில்ல எண்டு மூக்கச் சுழிக்கிற மாஸ்டர்மாருக்கும் சங்கடம். தரமில்லாத புத்தகத்துல இருந்து இப்படி ஒரு கேள்வி வந்தா அவங்க எங்க போய் முகத்த வைப்பாங்க?

நாவல் வாசிச்சாப் பொம்புளப் புள்ள கெட்டுப்போகும் எண்டு சொல்லுற ஆக்கள் நம்ம ஊருல இன்னும் இருக்காங்க. அவங்க சொல்லுறது சரிதான். சாட்சி இருக்கு. தமிழ்நாட்டுல துவரங்குறிச்சி எண்டு ஒரு ஊரு. அங்க ஒரு புள்ளைய வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டி வீட்டுக்குள்ள வெச்சாங்க. அது புத்தகமா வாசிச்சுத் தள்ளிச்சு. வாசிச்ச கெடுதல்ல சல்மா எண்டு பேரு வெச்சுக் கவிதை எழுதிச்சு, 2004ல 'இரண்டாம் ஜாமங்களின் கதை' எண்டு நாவல் எழுதிச்சு, 2025ல இந்தியாட மாநிலங்களவைக்கு உறுப்பினராப் போயிட்டுது. பாருங்க, எவ்வளவு தூரம் கெட்டுப்போயிருக்கு! அந்த நாவலுக்கு உங்கட வயசு இன்னும் முத்தணும், இப்ப தொடாதீங்க. இப்படிச் சொன்னாத்தான் எங்க கிடைக்கும் எண்டு கேட்பீங்க எண்டு எனக்குத் தெரியும்.

நம்ம ஆக்கள் நாவலுக்குப் புதுசு எண்டு நினைக்கவும் வேணாம். இலங்கையில முதல் வந்த தமிழ் நாவலே முஸ்லிம் எழுதினது. கண்டிச் சட்டத்தரணி சித்திலெவ்வை, 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை நடத்தினவர், 1885ல போட்ட 'அஸன்பே சரித்திரம்'. தமிழ்ல முதல் நாவல் எண்டு சொல்லுற பிரதாப முதலியார் சரித்திரம் வந்து ஆறு வருசந்தான் ஆகியிருந்தது. இத நீங்க எல்லாரும் பாடமாக்கி வெச்சிருப்பீங்க. ஆண்டு கேட்டா நித்திரையிலயும் சொல்லுவீங்க. புத்தகத்த யாரு வாசிச்ச? மாஸ்டர் வாசிச்சாரா எண்டு நான் கேட்க மாட்டன், அவருக்கும் புள்ளகுட்டி இருக்கு. மிஸ்று தேசத்துப் பெரிய இடத்துப் புள்ள சின்னதுலயே களவுபோய் இந்தியாவுல வளருற கதை அது. கண்டியில இருந்துக்கிட்டு மனுசன் கண்டியப் பற்றி எழுதல்ல. 'நாவல்ல நம்ம மண் மணக்கணும்' எண்டு இனி யாராவது மேசையில அடிச்சுச் சொன்னா, சித்திலெவ்வைய என்ன செய்யிற எண்டு மெல்லமாக் கேளுங்க. மறுகா அவர் சொல்லுற பதில நல்லாக் கேட்டுக்கங்க, சில நேரம் பதில் நல்லாவும் இருக்கும்.

மண் மணக்கிற புத்தகத்த உங்கட கையில தந்தா நீங்க செய்யிறது அதவிடப் பகிடி. விமல் குழந்தைவேல் அக்கரைப்பற்றுக்காரர். அந்த ஊருச் சந்தையில தமிழரும் முஸ்லிம்களும் யாவாரம் பண்ணி, பறைஞ்சு, சிரிச்சு, மறுகா பிரிஞ்சு போன கதைய 'கசகறணம்' எண்டு எழுதினார். நம்ம வாய்ப்பேச்சு அப்படியே கிடக்கு. இஞ்ச இருந்து பஸ் ஏறினா ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை தாண்ட அக்கரைப்பற்று. அந்தப் புத்தகத்த வாசிச்ச ஒரு தம்பி, 'பாசை விளங்குதில்ல மூத்தப்பா' எண்டான். மதுரையில அருவாளத் தூக்கிக்கிட்டு ஓடுறவன் கத்துறது படத்துல விளங்குது, கோயம்புத்தூர்க்காரன் இழுக்கிறது விளங்குது, தன்ட உம்மும்மா சோறு போட்டுக்கிட்டுக் கதைக்கிறது மட்டும் விளங்கல்ல. நம்ம ஊர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் கிழவியளுக்குப் பின்னால திரிஞ்சு இந்தப் பேச்சையும் பழமொழியையும் கவியையும் பொறுக்கிப் பொறுக்கிப் புத்தகமாப் போட்டிருக்கார். விளங்காட்டி அதத் திறந்து பார்க்கலாம். ஆனா அது பூட்டிக் கிடக்கிற அலுமாரித் திறப்பு யார்ட்ட இருக்கு எண்டு விசாரிக்கவே உங்களுக்கு ரிசல்ட் வந்துரும்.

இனி ஒரு வேலை தாறன். சாய்ந்தமருது ஆர்.எம். நௌஸாத் எழுதின 'நட்டுமை' என்னட்ட இருக்கு. வேளாண்மை செய்யிற நம்ம ஆக்கள்ட பழைய காலத்துக் கதை. காலச்சுவடு நடத்தின சுந்தர ராமசாமி நாவல் போட்டியில பரிசு வாங்கினது. பரிசு வாங்கினது எண்டதுக்காகப் பிடிக்கணும் எண்டில்ல. கொண்டு போங்க. திருப்பித் தரக்குள்ள 'சூப்பர்' எண்டு சொன்னா அடுத்த புத்தகம் இல்ல, 'போர்' எண்டாலும் இல்ல. எந்த இடத்துல உங்களுக்குக் கோபம் வந்தது, எந்த இடத்துல நித்திரை வந்தது எண்டு பக்கத்தக் காட்டணும். ஒரு பக்கத்த நான் மடிச்சு வெச்சிருக்கன். அது கோபமா நித்திரையா எண்டு கேட்காதீங்க, கிழவன்ட ரகசியம்.