பூட்டனைத் தேடுற பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி, உக்காரு. பூட்டனைத் தேடிப் பொறப்பட்டிருக்கியாமே? சந்தோசம். பெத்தவனுக்கு ஒரு போன் போட நேரமில்ல, செத்துப்போன பூட்டனுக்குச் சனி, ஞாயிறு ரெண்டையும் எழுதி வச்சுட்ட. பையில என்ன, லேப்டாப்பா? அது என்ன குழாய்? அதுல எச்சியைத் துப்பி அனுப்பினா பூர்வீகம் சொல்வாகளா? காசு குடுத்தா துப்புறீக? நான் திண்ணையில ஓசியில துப்பினதுக்கே உங்க பாட்டி வெளக்குமாத்தைத் தூக்கினா.

சரி, எங்க தேடப் போற? பழைய சென்சஸ்லயா? யாரு சொன்னது? லண்டன்ல இருக்கிற உன் கூட்டாளியா? அவன் சொன்னதுல தப்பில்ல. அந்த ஊர்ல 1841ல இருந்து வீட்டுக்கு வீடு பேர் எழுதி வச்சிருக்காக. நூறு வருசம் பூட்டி வச்சுட்டு அப்புறம் தொறந்து விடுவாக. 1921ல எடுத்த கணக்கை 2022 சனவரியிலதான் தொறந்தாக. அமெரிக்காக்காரனுக்கு அம்புட்டுப் பொறுமை கெடையாது, 72 வருசந்தான். அங்கயும் முழுசாக் கெடைக்கும்னு நெனச்சுறாத. இங்கிலாந்துல 1931 கணக்கு 1942ல தீயில போச்சு. 1941ல சண்டை, எடுக்கவே இல்ல. அமெரிக்காவுல 1890 கணக்குல பெரும்பங்கு 1921ல நடந்த தீ விபத்துல போச்சு. தீயும் ஒரு தாசில்தார்தான், கேட்டுக்கிட்டா வரும்?

நம்மளையும் அதே வெள்ளைக்காரந்தான எண்ணினான்னு கேப்ப. எண்ணினான். நாடு முழுக்க ஒரே சமயத்துல எண்ணினது 1881 பிப்ரவரி 17 ராத்திரி. முன்கூட்டியே எழுதி வச்ச தாளைத் தூக்கிக்கிட்டு, வெளக்கு வெளிச்சத்துல வீடு வீடாப் போய்ச் சரிபாத்தாக. பேர் எழுதினான், வயசு எழுதினான், சாதி, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, கண்ணு தெரியுமா, காது கேக்குமா, எல்லாம் எழுதினான். எழுதினதை மூட்டை கட்டிக் கொண்டு போய்க் கூட்டினான். கூட்டி முடிச்சதும் வீட்டுத் தாளையெல்லாம் அழிச்சுட்டான். மிஞ்சினது கூட்டுத்தொகை மட்டும். 1901ல இன்னும் சுளுவாப் போச்சு. ஆளுக்கு ஒரு சீட்டு, மதத்துக்கு ஒரு நெறம். சீட்டைக் கட்டுக் கட்டாப் பிரிச்சு எண்ண வேண்டியதுதான். எண்ணுறவனுக்கு உன் பூட்டன் பேரு என்னத்துக்கு? நெறம் தெரிஞ்சாப் போதும்.

அந்தக் கூட்டுத்தொகைப் புத்தகமெல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்கு. 1871க்கு கார்னிஷ்னு ஒரு டாக்டர் எழுதினது, 1911க்கு மொலோனி எழுதினது, 1931க்கு ஈட்ஸ் எழுதினது. போய்ப் பாரு. உன் பூட்டன் அதுல கண்டிப்பா இருக்கான். ஏதோ ஒரு தாலுகாவுல, ஏதோ ஒரு கட்டத்துல, ஒரு ஒண்ணா இருக்கான். இல்லாமப் போனவுகளும் அதுலயே இருக்காக. 1871ல சென்னை ராஜதானி மொத்தம் 3 கோடியே 12 லட்சம் பேரு. பத்து வருசம் கழிச்சு எண்ணினா 3 கோடியே 8 லட்சம். நடுவுல வந்தது தாது வருசத்துப் பஞ்சம். பத்து வருசத்துல பொறந்ததையெல்லாம் கூட்டினதுக்கு அப்புறமும் அம்புட்டுக் கொறைஞ்சிருக்குன்னா, செத்தது எம்புட்டுன்னு நீயே கணக்குப் போட்டுக்க. அதுல தப்பிச்சவன் வழியிலதான் நீயும் நானும் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கோம்.

சரி, ஒரு பேச்சுக்கு, அந்த வீட்டுத் தாளும் அழியாமக் கையில கெடைச்சுருச்சுன்னே வையி. படிச்சு என்ன பண்ணுவ? வயசைக் கேட்டா அந்தக் காலத்து ஆளு என்ன சொல்லியிருப்பான்? "பெரிய பஞ்சத்துல பால்குடி" அம்பான். எழுதுறவன் மூஞ்சியைப் பாத்து 30ன்னோ 35ன்னோ போடுவான். பழைய கணக்குல பாரு, 39 வயசுக்காரன் கொஞ்சம், 41 வயசுக்காரன் கொஞ்சம், 40 வயசுக்காரன் மட்டும் கூட்டங்கூட்டமா இருப்பான். நாடே அஞ்சஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தான் பிள்ளை பெத்துச்சா?

பொம்பளை கதை அதைவிடச் சொகம். புருசன் பேரை வாயால சொல்லமாட்டா. ஆகாசத்துச் சூரியனைக் காட்டினா கதிரேசன்னு எழுதணும், கோயில் வேலைக் காட்டினா வேலுன்னு எழுதணும். எழுத வந்தவன் விடுகதைக்காரனா இல்லாட்டிப் பொழப்பு நாறிப்போகும். தன் பேரைச் சொல்றதுக்கும் அவளுக்கு யோசனை. இது என்னமோ ராசா காலம்னு நெனைக்காத. சுதந்திரம் வந்து மொதத் தேர்தல், 1951–52. வடக்கே 28 லட்சம் பொம்பளைக பேரு பட்டியல்ல இருந்து போச்சு. ஏன்? "இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு ஆத்தா"ன்னு சொன்னாகளே தவிர, சொந்தப் பேரைச் சொல்லல. இப்ப நீ பூட்டனை மட்டும் தேடுறியே, பூட்டி என்ன தானா மொளைச்சவளா? அவ பேரு தெரியுமா ஒனக்கு? உன் ஆத்தாவோட ஆத்தாவைப் பெத்தவ பேரு? முழிக்கிறான் பாரு.

இன்னொரு வம்பு இருக்கு. நம்ம ஊர்ல மூத்தவனுக்குத் தாத்தா பேரு. கருப்பசாமி மகன் மாடசாமி, மாடசாமி மகன் கருப்பசாமி, அவன் மகன் திரும்பவும் மாடசாமி. ஒரு பழைய தாள்ல "மாடசாமி மகன் கருப்பசாமி"ன்னு பாத்துட்டுத் துள்ளிக் குதிப்ப. எந்தக் கருப்பசாமி? எந்த மாடசாமி? மேலத்தெருவுல மட்டும் ஏழு கருப்பசாமி இருந்தாக. கட்டைக் கருப்பசாமி, செவிட்டுக் கருப்பசாமி, ரங்கூன் கருப்பசாமின்னு ஊர் பிரிச்சு வச்சிருந்துச்சு. சர்க்கார் தாள்ல பட்டப்பேரு ஏறுமா?

எனக்கு ஒண்ணு வெளங்கல பேராண்டி. பூட்டனைத் தேடுறவன் எல்லாருக்கும் பூட்டன் தளபதியாவே கெடைக்கிறானே, அது எப்படி? உன் கூட்டாளிக்கு ஜமீன், அவன் மச்சினனுக்குப் பாளையக்காரர், டீக்கடைக்காரனுக்குச் சோழ ராசா. எல்லா வீட்டுப் பூட்டனும் குதிரையில போனா, குதிரைக்குக் கொள்ளு வச்சவன் யாரு? சாணி அள்ளினவன் வாரிசு இல்லாமச் செத்துப் போனானா? கணக்கும் ஒதைக்குதே. பத்துத் தலைமொறை மேல போனா ஒனக்கு 1,024 பேரு பெத்தவுக. இருவது தலைமொறைன்னா பத்து லட்சத்தைத் தாண்டும். அத்தனை பேர்ல ஒருத்தன் கத்தி வச்சிருந்தான்னு அவனை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினா, மத்தவுக கோவிச்சுக்க மாட்டாக?

அதுலயும் நம்ம சனத்துக்கு இந்தக் கணக்கு முழுசாப் பொருந்தாது. மாமன் மகளைக் கட்டுவான், அத்தை மகளைக் கட்டுவான், அக்கா மகளையும் கட்டுவான். தாய்மாமனே மாப்பிள்ளை. அப்ப அவன் பிள்ளைக்கு ஆத்தா வழிப் பாட்டியும் அப்பனோட அக்காவும் ஒரே ஆளு. ஒரே கெழவி ரெண்டு நாற்காலியில உக்காந்திருப்பா. உன் ஆப்புல கொடிவழியை ஏத்திப் பாரு, "தவறு உள்ளது, சரிபார்க்கவும்"னு செவப்புல எழுதும். தப்பு அதுலதான்யா, நம்மகிட்ட இல்ல.

பெருமைக்கு எழுதுறது இன்னைக்கு நேத்து வந்த சீக்கில்ல. 1901ல சென்சஸ்க்காரன் ஒரு காரியம் பண்ணினான். எந்தச் சாதி மேல, எந்தச் சாதி கீழன்னு வரிசை கட்டினான். வந்துச்சு வெனை. அடுத்த கணக்குக்கு நாடு முழுக்க மனு. எங்களைச் சத்திரியன்னு எழுது, எங்க பேரை மாத்து, அடுத்தவனுக்கு மேல போடு. வங்காளத்துல 1911ல வந்த மனுவை நிறுத்துப் பாத்தா ஒன்றரை மணங்காம், அவுக மணங்கு. இன்னைக்குக் கணக்குல 55 கிலோவுக்குக் கொறையாது. அந்தத் தாளை நம்பியா உன் மூலத்தைத் தேடப் போற? ரிசிமூலம் பாக்காத, நதிமூலம் பாக்காதன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக?

ஆனா ஒண்ணு. தேடாதன்னு நான் சொல்லல. தேடுற எடம் தப்புங்கிறேன். சர்க்காரும் சரி, கடன்காரனும் சரி, உன் பூட்டன்கிட்ட இருந்து ஏதாச்சும் வேணும்னு நெனச்ச அன்னைக்குத்தான் அவன் பேரை ஒழுங்கா எழுதியிருப்பான்.

கரும்புக் காட்டுக்குப் போனவுக கதையைப் பாரு. 1860ல 'ட்ரூரோ'ன்னு ஒரு கப்பல் சென்னையில இருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போச்சு. அதுல இருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்குப் போனது ஒன்றரை லட்சம் பேருக்கு மேல. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். பேரு, அப்பன் பேரு, வயசு, சாதி, சில்லா, தாலுகா, கிராமம், ஒடம்புல எங்க தழும்பு, அத்தனையும் எழுதியிருக்கான். பாசமா? ஆளு ஓடிட்டாப் பிடிக்கணும்ல. மொரீசுக்குப் போனவுகளுக்கு ஒரு காலத்துக்கு மேல போட்டோவே எடுத்து வச்சிருக்கான். அந்த ஏடெல்லாம் அங்க மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டுல இருக்கு. இன்னைக்கு டர்பன்ல இருக்கிற ஒரு மூட்லியோ கோவெண்டரோ நம்பரைச் சொல்லித் தன் பூட்டன் கிராமத்தைக் கண்டுபிடிச்சுட்டு வாரான். தமிழ் பேச வராது, தாலுகா பேரு தெரியுது. இங்கயே கெடந்த நமக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்ல. கடல் தாண்டி அடிமைப்பட்டவனுக்கு அடையாளம் மிஞ்சுச்சு. எழுதி வச்சவனுக்கு நன்றி சொல்லணுமான்னு கேட்டா, நான் சொல்லமாட்டேன்.

நீ உள்ளூர்க்காரன். ஒனக்கு வழி பத்திர ஆபீசு. உன் பூட்டன் காட்டை அடமானம் வச்சிருப்பான். வைக்காத பூட்டன் உண்டா? வில்லங்கம் போட்டுப் பாரு, நகல் மனுப் போடு. பழைய பத்திரத்துல இன்ன கிராமம், இன்ன சாதி, இன்ன தொழில், இன்னார் குமாரர் இன்னார்னு ஆளை நிக்க வச்சுப் படம் வரைஞ்சிருப்பாக. அதுக்குக் கீழ நாலெல்லை படி. கெழக்கே யாரு புஞ்சை, வடக்கே யாரு கெணறு. உன் பூட்டனோட பக்கத்துக் காட்டுக்காரன் நாலு பேரும் கெடைச்சுருவாக. பத்திரத்துல வெலையைப் பொய்யா எழுதுவான், எல்லையைப் பொய்யா எழுதமாட்டான். ஏன்னா வரப்பு போயிரும். சாட்சிக் கையெழுத்துல மச்சினன், மாமன் இருப்பான். அப்பன் செத்து மைனர் சொத்தா இருந்தா, கார்டியன்னு தாயார் பேரு ஏறியிருக்கும். நம்ம பூட்டிமாரு பேரு சர்க்கார் தாள்ல வந்தது பாதி அப்படித்தான். ஒரு சாக்கிரதை சொல்றேன்: 1980கள்ல யூ.டி.ஆர்னு பட்டாவை மாத்தி எழுதினாக. அதுல மகன் பேரு அப்பனாகி, அப்பன் பேரு பக்கத்து வீட்டுக்காரனான கதையெல்லாம் உண்டு. அதை வச்சு வம்சம் எழுதிராத, கோர்ட்டுலதான் போய் நிப்ப.

பேரு தேடுறது எல்லாருக்கும் பொழுதுபோக்கு இல்ல பேராண்டி. அஸ்ஸாம்ல 1951 சென்சஸை வச்சு எழுதின பதிவேட்டுல தாத்தன் பேரு இருக்கா, 1971க்கு முந்தின வேற தாள் இருக்கான்னு தேடித் தேடி சனம் அலைஞ்சுது. 2019 ஆகஸ்டு 31ல குடிமக்கள் பட்டியல் வந்தப்ப 19 லட்சம் பேரு வெளிய நின்னாக. இங்கயுந்தான் 2025 கடைசியில ஓட்டர் லிஸ்டு திருத்தம்னு, 2002, 2005 லிஸ்டுல நம்ம பேரு எங்க இருக்கு, அப்பன் பேரு எந்தப் பாகத்துலன்னு ஊரே தேடுச்சு. அன்னைக்கு யாரும் தளபதியைத் தேடல.

2027ல திரும்ப எண்ண வாராகளாம். சாதியும் கேப்பாகளாம். வெவரம் எல்லாம் போன்லதான் ஏத்துவாகளாம். வந்தா ஒழுங்காச் சொல்லு. பொண்டாட்டி பேரு, ஆத்தா பேரு, வயசு, எதையும் அஞ்சால முடியிற மாதிரி அடிச்சு விடாத. ஆனா உன் பேரன் அதைத் தொறந்து பாக்கலாம்னு கனாக் காணாத. 1948 சட்டப்படி அந்த ஏட்டை எவனும் பாக்க முடியாது, கோர்ட்டுல சாட்சியாவும் எடுக்கமாட்டாக.

அதனால, நம்ம ஊர்ல இருக்கிறதுலயே நம்பிக்கையான சென்சஸ் எதுன்னு சொல்றேன், கேட்டுக்க. மொய் நோட்டு. சிரிக்காத. ஊர் வாரியா, தெரு வாரியா, அப்பன் பேரோட, பட்டப்பேரோட எழுதியிருக்கும். ரங்கூன் கருப்பசாமி வேற, செவிட்டுக் கருப்பசாமி வேற. எந்த ஊர்க்காரன் நமக்குச் சம்பந்தி, எவன் எந்த வருசத்தோட வரத்தை நிறுத்தினான், தாய்மாமன் சீர் யாரு கொண்டாந்தது, எல்லாம் அதுல வெளங்கும். ஒரு பேரு தப்பா எழுதினா ராத்திரியே சண்டை, அதனால தப்பு இருக்காது. உங்க பெரியப்பன் வீட்டுப் பரண்ல மூணு தலைமொறை நோட்டு துணிப்பையில கெடக்கு. எலி திங்கிறதுக்கு முந்தி எடுத்து உன் போன்ல படம் பிடிச்சு வச்சுக்க.

அப்படியே உங்க அய்யா கல்யாண நோட்டையும் பொரட்டிப் பாரு. தெக்குத் தெரு, என் பேரு, 101 ரூவா. அன்னைக்கு அந்தக் காசுக்கு ஒரு மூட்டை நெல்லு வாங்கலாம். என் பேத்திக்குத் தை மாசம் கல்யாணம். மறக்காம வந்துரு.