தட்டில் ஆறு, மேசையில் ஐந்து: உணவக வகுத்தல் குறித்து ஓர் ஆராய்ச்சி

நண்பர்கள் நாலைந்து பேர் சனிக்கிழமை இரவு ஓர் ஏ.சி. ஹாலில் கூடி, வந்ததைப் பங்கு போட்டுத் தின்று, பில்லையும் பங்கு போட்டுக்கொண்டு எழுந்து வருவது சென்னையில் வாராவாரம் நடக்கும் காரியம். சமையலுக்கு நூல்கள் இருக்கின்றன. பந்தி பரிமாறுவதற்கு நம் பாட்டிமார் வாய்மொழியாகவே இலக்கணம் வகுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தப் பங்கு போடுதலுக்கு மட்டும் இலக்கணம் இல்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வின் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவது மரபு. இலைச் சாப்பாடு இதில் சேராது. இலை போட்டாலே எல்லை போட்டாயிற்று. உன் அப்பளம் உன்னுடையது; பக்கத்து இலை அப்பளத்தின் மேல் கண் போகலாம், கை போகாது. அளவுச் சாப்பாடு, மினி டிபன், பிரியாணி ஆகியவையும் அதே காரணம் பற்றி நீக்கப்பட்டன. தட்டு மேசை நடுவில் வந்து உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆகவே களம், வாசல் பலகையில் ‘நார்த் இண்டியன், சைனீஸ், தந்தூர்’ என்று எழுதி, கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குச் சீரியல் பல்பு மாட்டியிருக்கும் நடுத்தர உணவகம். ஆய்வு மாந்தர், கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐவர். நாற்பதைத் தாண்டியும் ஒருவரையொருவர் ‘டேய்’ என்று கூப்பிடும் தகுதி பெற்றவர்கள்.

மெனு அட்டை இரண்டுதான் வரும். இரவின் முதல் வகுத்தல் இதுவே. விடை, அட்டை ஒன்றுக்கு இரண்டரை ஆள். அந்த அரை ஆள் அட்டையைப் பார்க்காமலே ‘எனக்கு எதுன்னாலும் ஓகேடா’ என்பார். இவரை நம்பக் கூடாது. பன்னீர் என்றால் ‘பன்னீரா, வேற ஏதாவது பாரேன்’ என்பார். காளான் என்றால் போன தடவை மஷ்ரூம் ரப்பராக இருந்ததை நினைவூட்டுவார். எதுன்னாலும் ஓகே என்பவருக்கு ஓகே ஆகாதவற்றின் பட்டியல், பல உணவகங்களின் மெனுவைவிட நீளமானது.

இத்துறையில் முன்னோர் ஆய்வு ஒன்று உண்டு. டான் ஏரியலியும் ஜோனதன் லெவாவும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மேசையில் ஒவ்வொருவராக வாய்விட்டு ஆர்டர் சொல்லும்போது, அமெரிக்கர்கள் முன்னவர் சொன்னதைத் தவிர்த்து வேறொன்றைச் சொல்கிறார்கள், பிறகு அது பிடிக்காமல் வருந்துகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். ஹாங்காங்கில் நிலைமை தலைகீழ். அங்கே முன்னவர் சொன்னதை ஒட்டியே சொல்கிறார்களாம். சென்னையில் மூன்றாவது வகை ஒன்று இருப்பதை அவர்கள் அறியவில்லை. முன்னவர் சொன்னதைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, அதையே சொல்வது.

சூப்பை ‘ஒன் பை டூ’ சொல்வது நம் பக்கத்துக் கணிதச் சாதனை. ஒரு கிண்ணத்துச் சூப்பை அடுக்களையிலேயே இரண்டாகப் பிரித்து ஊற்றிக் கொண்டுவருவார்கள். இரண்டையும் கூட்டினால் ஒன்றுக்கு மேல் வரும் என்பது நெடுநாள் வாடிக்கையாளர்களின் உறுதியான நம்பிக்கை. இக்கட்டுரையாளருக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஐவருக்கு இரண்டு சூப், இரண்டும் ஒன் பை டூ. மிஞ்சும் ஐந்தாமவர் ‘சூப் குடிச்சா பசி அடங்கிரும், எனக்கு வேணாம்’ என்று அறிவித்துவிட்டு, நால்வர் கிண்ணத்திலும் ஸ்பூனை விட்டு ருசி பார்ப்பார். கணக்குப் போட்டால், அன்றைக்கு அதிகம் சூப் குடித்தவர் அவராகவே இருப்பார்.

இனி ஆய்வின் மையப் பகுதி.

தட்டின் துண்டும் தலையின் எண்ணும்
ஒட்டி வகுபடல் ஓட்டலில் இல்லை.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஸ்டார்ட்டர் துண்டுகளின் தொகை உண்போர் தொகையால் மீதியின்றி வகுபடாது என்பது உணர்த்துதல் நுதலிற்று. ஐவர் போனால் பன்னீர் டிக்கா ஆறு வரும். அறுவர் போனால் எட்டு வரும். எண்மர் போனால் என்னாம் எனின், சனிக்கிழமை எண்மர்க்கு மேசை கிடைக்காது என்க. இனி, கோபி மஞ்சூரியனில் துண்டுக்கும் தூளுக்கும் இடையே வரையறை இன்மையின், எண்ணவே இயலாது. அது இச்சூத்திரத்துக்குப் புறனடை.

சிக்கன் 65 இங்கே தனிக் கவனத்துக்கு உரியது. அண்ணா சாலை புகாரி ஓட்டலில் 1965-இல் அறிமுகமானதால் இந்தப் பெயர் என்பது அந்த ஓட்டலாரின் வரலாறு. இல்லை, 65 மிளகாய் போட்டதால் என்பாரும், கோழியை 65 துண்டாக்கியதால் என்பாரும் உளர். துண்டுக் கட்சியை நாம் மறுப்பதற்குச் சரித்திரச் சான்று தேவையில்லை, வாய்ப்பாடே போதும். அறுபத்தைந்து ஐந்தால் சரியாக வகுபடும். அப்படிச் சரியாக வகுபடும் தட்டு எந்த அடுக்களையிலிருந்தும் வெளியே வராது.

மீதியின் இலக்கணம் அடுத்து வருகிறது.

மீந்த துண்டினை விரும்பார் இல்லை;
ஏந்தி எடுப்பார் எவரும் இல்லை.

தட்டு நடுவில் அது தனியாகக் கிடக்கும். ஓரம் தந்தூரில் கருகி, மேலே மசாலா மஞ்சளாக ஒட்டிக்கொண்டு, அடியில் ஒரு வாடிய குடைமிளகாய்ச் சில்லு, பக்கத்தில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடி, வெங்காய வளையத்தின் கீழே கொஞ்சம் பச்சைச் சட்னி. ஐந்து பேருக்கும் அது தெரியும். ஐந்து பேரும் அதைப் பார்க்காமல் கிரிக்கெட் பேசுவார்கள். ஒருவர் தட்டை மெல்லப் பக்கத்தவர் பக்கம் நகர்த்துவார். பக்கத்தவர் அதைத் தண்ணீர் பாட்டிலுக்கு இடம் பண்ணுவதுபோல் அடுத்தவர் பக்கம் தள்ளுவார். இப்படியே தட்டு மேசையை ஒரு முறை வலம் வந்துவிடும். ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968-இல், ஆபத்தில் இருப்பவருக்கு உதவ ஆட்கள் பலர் உண்டு என்று நினைக்கும்போது ஒவ்வொருவரும் எழுந்துவரும் வேகம் குறைகிறது என்று சோதனையில் காட்டினார்கள். அவர்கள் கூப்பிட்டது உதவிக்கு. நாம் கூப்பிடுவது சாப்பிட. அதற்கும் ஆள் எழவில்லை என்பது நமது கண்டுபிடிப்பு.

இத்தேக்கத்தை உடைக்கும் வழிகள் சில உள. முதலாவது உபசார வழி.

‘டேய், நீ எடுத்துக்கடா. நீ ஒண்ணுமே சாப்பிடல.’

‘ஐயோ, ஃபுல்டா மச்சி. நீ எடு.’

‘நான் டயட்ல இருக்கேன்டா.’ (இவர் மூன்று துண்டு தின்றவர். ஆறில் மூன்று எப்படிப் போயிற்று என்பதை மேசையில் யாரும் கேட்பதில்லை. நட்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலும்.)

அடுத்தது பாதியாக்கும் வழி. ஒருவர் ஃபோர்க்கின் விளிம்பால் துண்டை இரண்டாக்கிப் பாதியை எடுத்துக்கொள்வார். மானமும் தப்பியது, மீதியும் தப்பியது. அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி எடுப்பார். மூன்றாமவர் அதில் பாதி. போக வேண்டிய தூரத்தைப் பாதி பாதியாகக் கடந்தால் போய்ச் சேரவே முடியாது என்று கிரேக்கத்து ஜீனோ வாதிட்டாரே, அவர் பன்னீரைப் பார்த்ததில்லை. நான்காவது வகுத்தலில் அது பொடிமாஸாகிவிடுகிறது. பொடிமாஸை ஒருவர் வழித்துத் தின்றால் அது பேராசையில் சேராது. தட்டைச் சுத்தம் செய்ததில் சேரும்.

மூன்றாவது வழியே உறுதியானது. சர்வர் வந்து தட்டின் விளிம்பில் விரலை வைத்து ‘எடுத்துரவாண்ணா?’ என்று கேட்பார். அதுவரை கிரிக்கெட்டில் இருந்த ஐந்து கைகளும் ஒரே நேரத்தில் எழும். சர்வர் பெரும்பாலும் வடக்கேயிருந்து வந்த பையன் என்பதால், நம்மவர்களில் ஒருவர் இந்தத் தருணத்தில்தான் தம் ஹிந்தியை வெளியே எடுப்பார்: ‘பையா, ஏக் மினிட்.’ பையன் தெளிவான தமிழில் ‘மெதுவா சாப்பிடுங்கண்ணா, அவசரமில்ல’ என்பான்.

நானும் கிரேவியும் ஒருசேர முடியா என்பது உலகறிந்ததாகையால் இங்கே விரிக்கவில்லை. கிரேவி மிஞ்சினால் இன்னொரு நான், நான் மிஞ்சினால் இன்னொரு கிரேவி. இதற்கு இயற்கையான முடிவு கிடையாது, பணம் தீர்ந்தால்தான் உண்டு. பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தது யார் என்று மோத்தி மஹால் உரிமையாளர்கள் 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தரியாகஞ்ச் என்ற உணவகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். கண்டுபிடித்தவர் யாராயினும் ஆகுக. கிண்ணத்துக்கு எத்தனை சிக்கன் துண்டு என்று அவர் எழுதி வைக்காமல் போனதுதான் நம் மனக்குறை. கடைசியில் யாராவது ஒருவர் ‘ஒரு தயிர் சாதம் சொல்லிரலாமா?’ என்பார். ஐந்து ஸ்பூன் கேட்டு வாங்குவார்கள். தயிர் சாதத்தில் துண்டு கிடையாது, ஆகவே அதைச் சுற்றி அமைதி நிலவும்.

பில் வருகிறது, சோம்புக் கிண்ணத்தோடு. யூரி நீஸி முதலான மூவர் இஸ்ரேலின் ஹைஃபாவில் ஓர் உணவகத்தில் ஆட்களை அறுவர் அறுவராக உட்கார வைத்துப் பார்த்து 2004-இல் எழுதினார்கள். அவரவர் தின்றதற்கு அவரவர் பணம் என்றபோது தலைக்குச் சராசரி 37 ஷெக்கலுக்குச் சாப்பிட்டார்கள். பில்லைச் சமமாகப் பிரிப்போம் என்றதும் அது 51-க்கு ஏறியது. பணமே வேண்டாம் என்றபோது 82. பக்கத்தில் இருப்பவன் பணத்தில் பாதாம் அல்வா தின்பது ஊர் உலகத்து வழக்கம் என்று இதனால் அறிகிறோம். ஆனால் நம் களத்தில் எதிர்விசை ஒன்று உண்டு. ‘நான் குடுக்கறேன்’ என்று ஐவரும் எழுவார்கள். பர்ஸ் காலத்தில் யார் மெதுவாக எடுக்கிறார் என்பதைக் கவனித்தால் போதும், ஆளைத் தெரிந்துகொள்ளலாம். 2016-இல் யுபிஐ வந்தபின் அந்தச் சான்று அழிந்துவிட்டது. இப்போது ‘நெட் கிடைக்கல மச்சி’ என்பதே உள்ளது. அதை உறுதி செய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

எடுத்துக்காட்டாக ஒரு பில். சாப்பாடு 2,380 ரூபாய். ஏ.சி. ஓட்டலுக்கு 2017 ஜூலையில் 18 சதவீதம் என்று தொடங்கிய ஜி.எஸ்.டி., அவ்வாண்டு நவம்பர் 15 முதல் ஐந்தாக இறங்கியது. அந்த ஐந்து, மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை என்று அச்சாகி வரும்: 59.50, 59.50. வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவர்தான் இம்மேசையில் மீதி வைக்காமல் பங்கு பிரித்துக்கொண்டவர்கள் என்பது குறிக்கத்தக்கது. மொத்தம் 2,499. ஐந்தால் வகுத்தால் 499 ரூபாய் 80 பைசா. ஒருவர் கார்டைத் தேய்ப்பார். மற்ற நால்வரும் அவருக்கு 500 அனுப்புவார்கள். இருபது பைசா யாருக்கும் பெரிதில்லை. ஆனால் எல்லாக் குழுவிலும் 499.80 அனுப்புபவர் ஒருவர் இருக்கிறார். கணக்கில் அவர்மேல் குற்றமே சொல்ல முடியாது. அதனால்தான் அடுத்த நாள் மற்ற நால்வரும் தனி வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள்.

எஞ்சியது பார்சல். அரைக் கிண்ணம் பட்டர் சிக்கனும் ஒரு குளிர்ந்த நானும் வெள்ளை டப்பாவில் அடைபட்டு வரும். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் ‘எங்கள விட்டுட்டுப் போய் சாப்டுட்டு, மிச்சத்தை எங்களுக்குக் கொண்டு வந்திருக்கியா?’ என்ற கேள்வி வரும் என்பதை ஐவரும் அறிவர். கல்யாணமாகாத நண்பன் இருந்தவரை இது பிரச்சினையாக இருந்ததில்லை; அவனும் போன தை மாதம் கல்யாணம் பண்ணிக்கொண்டான். வாசலில் பைக் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் பேசிக்கொண்டு நிற்கையில் டப்பா ஒவ்வொரு பைக்கின் பெட்ரோல் டேங்க் மேலும் சிறிது நேரம் இருந்து பார்க்கிறது. இறுதியில் அது யாரிடம் சேர்கிறது என்பதை அறிய மேலும் களப்பணி தேவை. பல்கலைக்கழக நல்கை எதுவும் இல்லை. தலைக்கு ஐந்நூறு, சில்லறை திருப்பித் தரப்படமாட்டாது.