அரிய மண்ணில் பணம் புதைப்பது எப்படி?

பத்து காவான் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து, பஸ்ஸுக்குள் ஏறியதும் பங்கு விலை பார்க்கும் அன்பரே, அரிய மண் சுரங்கப் பங்கில் இறங்குவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள். நல்லது. முறைப்படி செய்வோம்.

1. செய்தி ஆறட்டும். 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. உடனே வாங்குவது அவசரக்காரன் வேலை. செய்தி உங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கு வந்து, பெரியம்மா அதை இரண்டாம் முறை அனுப்பட்டும். அப்போது வாங்குங்கள். ஊரெல்லாம் வாங்கி முடித்த விலைதானே உறுதியான விலை!

2. கம்பெனி அறிக்கையில் அதிக சைபர் உள்ள எண்ணை மட்டும் படியுங்கள். “இத்தனை லட்சம் டன் அரிய மண்” என்றால் போதும். அதில் பெரும்பங்கு சீரியமும் லந்தனமுமாக இருக்கலாம். இரண்டும் மலிவுச் சரக்கு. காந்தத்துக்குப் போகும் நியோடிமியம் எவ்வளவு, சூட்டிலும் அந்தக் காந்தத்தைத் தளராமல் வைக்கும் டிஸ்ப்ரோசியம் எவ்வளவு என்றெல்லாம் கேட்காதீர்கள், உற்சாகம் போய்விடும். தோண்டுவது சுலபம், ஒன்றையொன்று பிரிப்பதுதான் பெரும்பாடு என்பதும் உங்களுக்கு வேண்டாத சமாச்சாரம். மாமாக் கடையில் “நியோடிமியம்” என்று ஒருமுறை தடுக்காமல் சொல்லிப் பாருங்கள். வந்துவிட்டதா? நீங்கள் நிபுணர்.

3. உள்ளூர்ப் பற்று முக்கியம். அரிய மண்ணைப் பிரிக்கும் லைனாஸ் ஆலை குவாந்தான் பக்கம் கெபேங்கில் இருப்பதால் அது நம்ம கம்பெனி. தாது மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டிலிருந்து வருகிறது, பங்கு ஆஸ்திரேலியச் சந்தையில் விற்கிறது, நமக்கென்று தங்குவது கழிவு என்று யாராவது ஆரம்பித்தால் தே தாரிக் சொல்லி வாயை அடையுங்கள். பூர்சா மலேசியாவில் லைனாஸ் கிடைக்கவில்லையா? பத்து காவான் பெர்ஹாட் இருக்கிறதே, அதை வாங்குங்கள். அது கேஎல்கே என்ற செம்பனைக் கம்பெனியின் முதன்மைப் பங்குதாரர். இருக்கட்டுமே, ஊர்ப் பெயர் பொய் சொல்லுமா?

4. முதலுக்குச் சேமநிதியில் கை வையுங்கள். மூன்றாம் கணக்கை 2024 மே மாதம் திறந்துவிட்டது வேறு எதற்கு? அந்த ஆண்டு சேமநிதி 6.30 விழுக்காடு ஈவு கொடுத்தது. அது பொறுமைசாலிகளுக்கு.

5. உச்சியில் ஏறி, விழ விழ மேலும் வாங்குங்கள். லைனாஸ் 2011-இல் இரண்டரை ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. 2015-இல் ஐந்து காசுக்கும் கீழே கிடந்தது. வழியெல்லாம் வாங்கிச் சராசரியைக் குறைக்க எத்தனை வாய்ப்பு! அமெரிக்காவின் மோலிகார்ப் 2010-இல் 14 டாலருக்குச் சந்தைக்கு வந்தது, மறு ஆண்டே 70-ஐத் தாண்டியது, 2015 ஜூனில் திவால் மனு போட்டது. அங்கே சராசரி பார்த்தவர்கள் சைபர் வரைக்கும் பார்த்தார்கள்.

6. புக்கிட் மேரா பேச்சை எடுக்கும் பெரியவரைக் கண்டால் ஒதுங்குங்கள். ஈப்போ அருகே உள்ள அந்த ஊரில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் ஓடத் தொடங்கியது. ஈயச் சுரங்க மணலில் மிஞ்சிய மோனசைட்தான் அதன் சரக்கு. 1985-இல் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992-இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மேல்முறையீட்டில் கம்பெனி ஜெயித்தது, ஆனாலும் ஆலையை மூடிவிட்டது. தோரியக் கழிவு கிளேடாங் மலைப் பக்கம் புதைந்திருக்கிறது. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டுகள். “விற்காதீர்கள், நீண்ட காலம் வைத்திருங்கள்” என்று தரகர் சொல்வதை இந்தத் தொழிலில் ஒழுங்காகக் கேட்டது அது ஒன்றுதான். நீங்களும் கேளுங்கள்.

7. வீட்டில் கணக்குக் கேட்பார்கள். லைனாஸ் 2017-இல் பத்துப் பங்கை ஒன்றாகச் சேர்த்தது. உங்கள் கம்பெனியும் என்றாவது அப்படிச் செய்யும். அன்றைக்கு மனைவியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுங்கள்: நேற்று முப்பது காசு, இன்று மூன்று வெள்ளி! எண்ணிக்கை இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.