அணிசேராப் பெட்டிகள்

வெள்ளவத்தை நிலையத்தில் காலைக் கோச்சிக்கு நிற்பவர்கள் கடலைப் பார்ப்பதில்லை. தெகிவளைப் பக்கமே பார்க்கிறார்கள். வரப்போவது எந்த நாடு என்று தெரியவேண்டுமே!

1991 இல் வந்த எஸ்8 ரயில் செட், 2008 இன் சீன எஸ்10, 2011 இல் சென்னைப் பெரம்பூரிலிருந்து வந்த எஸ்11, எஞ்சின் இழுத்துவரும் ருமேனியப் பெட்டிகள். இவை அனைத்துக்கும் பொதுவானது 1676 மில்லிமீற்றர் தண்டவாள அகலம் ஒன்றுதான். கதவு ஓரிடத்தில் இராது. இருக்கை ஒரு திசையில் இராது. இரண்டாம் வகுப்பு எங்கே வந்து நிற்கும் என்பது சாத்திரிக்கும் தெரியாது. சீசன் டிக்கெட்டோடு முன்னால் நின்றவர் பின்னால் ஓடுவார், பின்னால் நின்றவர் முன்னால் ஓடுவார்; இருவரும் நடுவில் மோதி, கிடைத்த மிதிபலகையில் சமாதானம் ஆவார்கள்.

அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு 1976 இல் கொழும்பில் நடந்தது. அந்தக் கொள்கையை இன்றுவரை கைவிடாமல் காப்பது புகையிரதத் திணைக்களம்தான். கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கதவைத் தேடி ஓடும் கவலை பாதிதான்: அங்கே நிலையமே இல்லை. கோட்டையில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். பஸ்ஸுக்காவது முன்பக்கம் எது என்று தெரியும்.

ஐயாமாரே, புதிய பெட்டி கேட்கவில்லை. ஒவ்வொரு செட்டுக்கும் கதவு வரும் இடத்தில் மேடையில் ஒரு நிறக்கோடு போடுங்கள். பெயின்ற் வாங்க எந்த நாட்டிடமும் கடன் கேட்கத் தேவையில்லை.