ஒரு கேள்வி ஆழம்

மாரண்டஹள்ளியில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: விஷயம் தெரிந்தவன். அதை நானேதான் பாடுபட்டுப் பரப்பினேன் என்பதால் யார் மேலும் பழி போட வழியில்லை. பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை. குரூப் 4 எழுதுகிற பிள்ளைகள் பொது அறிவுக் குறிப்புகளை நகலெடுக்க வருவார்கள். மெஷின் சூடேறுகிற நேரத்தில் அந்தத் தாள்களை நான் மேய்ந்துவிடுவேன். அந்தத் தேர்வை நானும் எழுதியவன்தான். 200 கேள்வி, 3 மணி நேரம், 300 மதிப்பெண். அரசாங்கத்துக்கு என் சேவை தேவைப்படவில்லை. படித்தது வீணாகக் கூடாதே என்று ஊருக்குச் செய்யத் தொடங்கினேன்.

குறிப்புத் தாளில் இடப்பக்கம் கேள்வி இருக்கும், வலப்பக்கம் விடை இருக்கும். என் மண்டைக்குள்ளும் அதே இரண்டு பத்திதான். முதல் கேள்விக்கு விடை பளிச்சென்று வந்துவிடும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதாக ஒன்று வந்தால் தொலைந்தேன். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் வருகிறது என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் புலம்புவார்கள். எனக்கு முதல் அடியிலேயே ஈரம் தெரியும். இரண்டாம் அடியில் பாறை.

தமிழில் நவீன முறையில் வந்த முதல் கலைக்களஞ்சியம் எது என்று கடையில் ஒரு பையன் கேட்டான். பெ. தூரன் தலைமைப் பதிப்பாசிரியர், முதல் தொகுதி 1954, மொத்தம் பத்துத் தொகுதி என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "நீங்க எத்தனை தொகுதிண்ணா படிச்சீங்க?" என்றான். டோனர் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று மெஷினைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். டோனர் நிறையவே இருந்தது.

தக்காளி மண்டியில் நடந்தது இன்னும் மோசம். பாலக்கோடு, மாரண்டஹள்ளி வட்டாரத்தில் தக்காளி ஒரு காய்கறி மட்டும் அல்ல. கல்யாணம் இந்த ஆண்டா அடுத்த ஆண்டா என்பதைத் தீர்மானிக்கிற சமாச்சாரம். அப்படிப்பட்ட இடத்தில் போய் நின்றுகொண்டு, தக்காளியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், ஐரோப்பியர் கப்பலேறித்தான் இங்கே வந்தது என்றேன். யாரும் திரும்பவில்லை. தாவரவியல்படி இது காய்கறியே இல்லை, பழம். ஆனால் இறக்குமதி வரிக்காக வழக்கு நடந்து, 1893-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காய்கறிதான் என்று தீர்ப்பளித்தது என்று அடுத்த அஸ்திரத்தை விட்டேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"அது கெடக்குது தம்பி. ஒரு மழை பேஞ்சா செடியிலயே பழம் வெடிச்சுப் போவுதே, அது ஏன்?"

"குளிர்ச்சியில் சுருங்கி வெடிக்கிறது" என்றேன். எங்கிருந்து அந்த விடை வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. பெரியவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, வெடித்த பழம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி அடுக்கப் போய்விட்டார். பிறகு படித்துப் பார்த்தால் சங்கதி நேர்மாறு. காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் சேர்ந்தால் வேர் மடமடவென்று உறிஞ்சுகிறது. உள்ளே சதை ஊதுகிற வேகத்துக்குத் தோல் இழுபடுவதில்லை. அதனால் வெடிக்கிறது. சுருங்கி அல்ல, வீங்கி. காய்ச்சல் பாய்ச்சல் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும் என்பது அவருக்கு என்னைவிட நாற்பது ஆண்டு முன்பே தெரிந்திருக்கும். காரணம்தான் கேட்டார். அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

வரலாற்றில் தேறிவிடலாம் என்று நினைத்தேன். சொந்த மாவட்டம், சொந்த மன்னன். தகடூர் அதியமானைப் பற்றி அத்தையிடம் எடுத்துவிட்டேன். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர்களோடு சதியபுத்திரர் என்றும் ஒருவரைச் சொல்கிறது. அது யார் என்று அறிஞர்கள் ஆளுக்கொரு திசையில் தேடிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழிக் கல்வெட்டு கிடைத்தது. அதியமான் நெடுமான் அஞ்சி குகைப்பாழி ஒன்றைத் தானம் கொடுத்த செய்தி அது. அதில் அவன் பேருக்கு முன்னால் அதே சதியபுத்திரப் பட்டம். தேடல் நம் ஊரில் வந்து முடிந்தது என்று மார்தட்டினேன்.

மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே அத்தை கேட்டார்: "அவ்வளவு தூரத்துல இருந்த ராசா நம்மாளு பேரை எதுக்குடா கல்லுல வெட்டினான்?"

"பயம்தான் அத்தை. இந்தப் பக்கம் வர முடியலையே."

படித்துத் தொலைத்திருக்கலாம். அந்தக் கல்வெட்டில் போர் பற்றிப் பேச்சே இல்லை. தன் நாட்டிலும் எல்லைக்கு அப்பால் உள்ள இந்த நாடுகளிலும் மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ததையும், மூலிகை இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டுபோய் நடச் செய்ததையும், வழிநெடுக மரம் வைத்துக் கிணறு வெட்டியதையும் அசோகர் அதில் சொல்கிறார். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேலான மாட்டு வைத்தியச் செய்தி. மாடு வைத்திருக்கிற அத்தையிடம் அதைப் போர்ச் செய்தியாக விற்றிருக்கிறேன். மறுநாள் போய்த் திருத்திச் சொன்னேன். அத்தைக்கு முகம் மலர்ந்தது. "அப்படியா! மாட்டுக்கு என்ன மூலிகைடா வெச்சான்?" என்றார். பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கணக்கில் பட்டதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே எனக்குக் கணக்கே துணை நின்றது. நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்டுபிடித்த விளையாட்டு அது. நான்கு இலக்க எண் ஒன்று. நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். விடையை மறுபடி அதேபோல். எங்கே தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு கழித்தலுக்குள் 6174 வந்து நிற்கும். அக்கா மகள் முன்னால் இதைச் செய்துகாட்ட, எடுப்பாக இருக்கட்டுமே என்று ராமானுஜனின் 1729-ஐ எடுத்தேன்.

9721-இல் 1279 போக 8442. அடுத்து 5994. அடுத்து 9954-இல் 4599 போக 5455 என்று எழுதினேன். கைகள் ஓடின. 999 வந்தது, முன்னால் சைபர் போட்டுக்கொண்டேன். 8991, 8082, 8532, கடைசியில் 6174. "பார்த்தியா!" என்று பேனாவை மூடினேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஏழுன்னீங்க மாமா, எட்டு வருது."

ஒரு மனிதன் இந்த இடத்தில் தன் கழித்தலைச் சந்தேகித்திருப்பான். "கப்ரேகர் எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்" என்றேன் நான். அவள் தாளை வாங்கி மேலிருந்து படித்து, மூன்றாவது வரியில் கடன் வாங்கியதைக் குறைக்க மறந்ததைக் காட்டினாள். 5455 அல்ல, 5355. அங்கிருந்து 1998, 8082, 8532, 6174. சரியாக ஏழு. நடுவில் தப்புச் செய்தாலும் அந்தத் தப்பு இன்னொரு நான்கு இலக்க எண்தானே. அதுவும் ஊர் சுற்றி அதே வாசலுக்கு வந்துவிடுகிறது. என்னைப் போன்றவர்களுக்காகவே ஒரு வாத்தியார் யோசித்து வைத்த கணக்கு. அதிலும் மாட்டிக்கொண்டேன்.

"மூணு இலக்கத்துல இது வராதா மாமா?" இரண்டாவது கேள்வி வந்தேவிட்டது. குறிப்புத் தாளில் இல்லாததால் "வராது" என்றேன். சாயங்காலம் 495 என்று எழுதிக் கொண்டுவந்து காட்டினாள்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. ஒன்று மட்டும் அப்படி வருவதில்லை. 2023 மார்ச் 7 அன்று எங்கள் ஊருக்கு அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. கடையில் அன்று வேறு பேச்சே இல்லை. நான் சும்மா இருக்கவில்லை. யானையின் கர்ப்பகாலம் 22 மாதம், துதிக்கையில் ஓர் எலும்புகூடக் கிடையாது, கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆதார் அட்டையை நகலெடுக்க வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "குட்டிங்க இனிமே யாருகிட்ட சாமி பால் குடிக்கும்?" அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தவன், "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமாம்மா?" என்று நகலைப் பற்றிக் கேட்டேன்.

அதற்குப் பிறகு திருந்தினேன் என்றுதான் நினைத்தேன். 2020 முதல் டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது: விடை தெரியவில்லை. தெரியாவிட்டால் சும்மா விட்டுவிட முடியாது. தெரியாது என்பதையும் கறுப்பு மையால் நிரப்பித்தான் ஆக வேண்டும். அந்த வட்டத்தை வாழ்க்கையில் கடைப்பிடிப்பது என்று தீர்மானித்தேன். யார் எது கேட்டாலும் "தெரியலைங்க" என்றேன். சொல்லச் சொல்ல அதில் ஒரு கம்பீரம் கூடிவிட்டது. ஞானிகள் இப்படித்தான் சொல்வார்களாம் என்று எனக்குள் ஓர் எண்ணம்.

மண்டிப் பெரியவர் நோட்டுப் பக்கம் ஒன்றை நகலெடுக்க வந்தபோது கேட்டார்: "பஞ்சப்பள்ளி அணையில தண்ணி எந்த மட்டம் இருக்குது தம்பி?"

"தெரியலைங்க" என்றேன், கண்ணை லேசாக மூடிக்கொண்டு.

"சரி, யாரைக் கேட்டாத் தெரியும்?"

கண்ணைத் திறந்தேன். அதுவும் தெரியவில்லை. என் அறியாமைகூட ஒரு கேள்வி ஆழம்தான் இருக்கிறது. பெரியவர் சில்லறையை எண்ணி மேஜையில் வைத்தார். "முன்னெல்லாம் தப்பாவாச்சும் ஏதாவது சொல்லுவீங்க தம்பி. பொழுதாவது போவும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.